"அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது"ன்னு சொன்னா முதல்ல என்ன கேக்கணும்?

ராயபுரம்_கலா:

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் வீடு வீடா பிரஷர், சுகர் பாக்குற தன்னார்வலர்களுக்காக இந்தக் கேள்வி. எல்லாம் பார்த்து முடிச்சு கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொல்லுவாங்க: "அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதும்மா." வார்த்தை ஒண்ணுதான், உள்ள இருக்கற கோளாறு ஒண்ணு இல்லைன்னு தெரியுது. திரும்பத் திரும்ப வர்றது மூணு மாதிரி.

ஒண்ணு, 65 வயசு தாண்டுன பெரியவர், பத்து வருஷத்துக்கு மேல சுகர். நின்னாலும் உடனே வராது, வந்தாலும் நூல் மாதிரி. முடிஞ்சப்புறம் லுங்கியில சொட்டுது. ரெண்டாவது, மீன் விக்கிற அம்மா. விடியக்காலைல ஏலத்துக்குப் போனா கூடையை விட்டு நகர முடியாது, அதனால மதியம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. நீர்க்கடுப்பு வந்து வந்து போகுது, தும்மினாலும் குடம் தூக்கினாலும் கசியுது. மூணாவது, பகல்ல ஒழுங்கா இருக்கறவங்க. சாயந்திரம் கால் வீங்கும், படுத்தா ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறாங்க.

முதல் கேள்வி என்ன கேக்கணும்? உடம்புல என்ன நடக்குதுன்னு ரெண்டு நிமிஷத்துல எப்படிச் சொல்றது? யாரை அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? யூரின் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா எழுதுங்க.

யூராலஜி_வார்டு_சிஸ்டர்:

கலா, "எத்தனை தடவை"ன்னு கேட்டுட்டு நிறுத்திடாதீங்க. "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு?" இதான் முதல் கேள்வி. பாதி குழப்பம் இதுலயே தீர்ந்துடும்.

உடம்புல நடக்கறதை இப்படிச் சொல்லுங்க. கிட்னி சராசரியா மணிக்கு 60லருந்து 80 எம்எல் சிறுநீர் இறக்கிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணரை, ரெண்டு லிட்டர். அது சேர்ற பை வெறும் தோல்பை இல்ல, சதைப்பை. நிரம்புற நேரம் பூரா பை தளர்ந்து சும்மா இருக்கணும், வாய்ப்பக்கம் இறுக்கமா மூடியிருக்கணும். 150, 200 எம்எல் சேர்ந்தா லேசா நினைப்பு வரும். 300, 400ல போகணும்னு தோணும். 400லருந்து 600 வரைக்கும் பெரியவங்க பை தாங்கும். கழிவறையில உட்கார்ந்ததும் முதல்ல வாய் தளரணும், அப்புறம் பை தானா சுருங்கும். வயித்தை முக்க வேண்டிய அவசியமே கிடையாது. முக்கினாத்தான் வருதுன்னா வாசல்ல அடைப்பு இருக்கு, இல்லன்னா பைக்குப் பலம் போயிருக்கு.

இப்ப அளவுக்கு வருவோம். ஒவ்வொரு தடவையும் 300, 350 எம்எல் போகுது, அதுவே பத்துப் பன்னெண்டு தடவைன்னா பை நல்லாத்தான் இருக்கு, உற்பத்திதான் அதிகம். ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல போனா சுகர் பாருங்க, எவ்வளவு குடிக்கிறாங்கன்னு பாருங்க, மாத்திரை சீட்டைப் பாருங்க. அதே பன்னெண்டு தடவை, ஆனா 80, 100 எம்எல்தான்னா கோளாறு பையிலயோ வாசல்லயோ. கிருமியா இருக்கலாம், பை அவசரப்படுறதா இருக்கலாம், மிச்சம் நிக்கறதா இருக்கலாம்.

மிச்சம் நிக்கறதுதான் உங்க முதல் பெரியவர் கதையா இருக்கும்னு எனக்குப் படுது. கணக்குப் போட்டுப் பாருங்க. பை 400 பிடிக்கும், போனப்புறமும் 300 உள்ளயே தங்குது. காலி இடம் 100தான். மணிக்கு 70 எம்எல் இறங்கினா ஒண்ணரை மணி நேரத்துல மறுபடி நிரம்பிடும். அவருக்கு அது "அடிக்கடி வருது". உண்மையில அவர் பை எப்பவுமே காலியாகறதில்ல. இன்னும் முத்தினா வழிஞ்சு லுங்கியில சொட்டும். அதை "அடக்க முடியல"ன்னு எடுத்துக்கிட்டு பையைத் தளர்த்துற மாத்திரை கொடுத்தா சுத்தமா அடைச்சுக்கலாம். அந்த வகை மாத்திரைக்கு முன்னாடி மிச்சம் எவ்வளவுன்னு ஸ்கேன்ல பாக்கச் சொல்றது இதுக்குத்தான்.

வயசானவருக்கு ப்ராஸ்டேட் (ஆண்களுக்குப் பை வாசலைச் சுத்தி இருக்கற சுரப்பி) வீங்கி வாசலை நெருக்கியிருக்கலாம். நீண்ட நாள் சுகர் இருந்தா நரம்பு மரத்துப் போய் பை நிரம்பினதே தெரியாம இருக்கலாம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்தும் இருக்கும். வலியே இல்லாம பை பெருசாகி, பின்னழுத்தம் மேல ஏறி, ரெண்டு கிட்னியும் வீங்கி, கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டாம ரத்தத்துல தங்கற கழிவு) ஏறின பிறகு வர்றவங்கதான் வருத்தமான கேஸ். சொட்டுது ஆனா வலி இல்லன்னு சொல்றவரைத்தான் நான் முதல்ல அனுப்புவேன். வேணுங்கறது கிரியாட்டினின், யூரின் டெஸ்ட், வயிறு ஸ்கேன். ஸ்கேன் சீட்டுல "போன பிறகு மிச்சம்" எழுதியிருக்கான்னு பாருங்க. 50 எம்எல்லுக்குள்ள இருந்தா நல்லது. 200 தாண்டினா சரியா காலியாகலைன்னு அர்த்தம்.

ஸ்கேன்ல ஒரு தப்பு நடக்கும். ஒரு லிட்டர் தண்ணி குடிக்க வெச்சு, ரெண்டு மணி நேரம் க்யூல நிக்க வெச்சு, பை வெடிக்கிற மாதிரி ஆனப்புறம் படம் எடுப்பாங்க. அளவுக்கு மீறி நிரம்பின பை நல்லவங்களுக்கே ஒழுங்கா காலியாகாது, மிச்சம் பொய்யா அதிகம் காட்டும். வழக்கமா போகணும்னு தோணுற அளவுல படம் எடுத்து, நிதானமா போயிட்டு வந்து, பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடி பாக்கணும். ரிப்போர்ட்ல மிச்சம் அதிகமா இருந்தா இதைக் கேட்டுட்டு அப்புறம் பயப்படுங்க.

ராயபுரம்_கலா:

சிஸ்டர், ரொம்ப நன்றி. அளவு எடுக்கச் சொன்னா "எதுல பிடிக்கிறது"ன்னு கேக்குறாங்க. ஒரே ரூம் வீடு, பொதுக் கழிவறை. நோட்டுல என்னென்ன எழுதச் சொல்லணும்?

யூராலஜி_வார்டு_சிஸ்டர்:

ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் போதும். கழுத்துக்குக் கீழ தோள் சரியற இடத்துல வெட்டி எடுத்துடுங்க. விளிம்பு கிழிக்கும், அதுல பிளாஸ்திரி ஒட்டுங்க. வெளிப்பக்கம் மேலருந்து கீழ ஒரு பட்டை வெள்ளை பிளாஸ்திரி ஒட்டுங்க. மெடிக்கல் ஷாப்ல 50 எம்எல் சிரிஞ்ச் கிடைக்கும். ஒவ்வொரு சிரிஞ்ச் தண்ணிக்கும் ஒரு கோடு, ரெண்டு கோட்டுக்கு ஒரு நம்பர்: 100, 200, 300. பாட்டில் அடி வளைஞ்சிருக்கறதால ஸ்கேல் வெச்சு சமமா கோடு போட்டா தப்பா வரும், தண்ணி ஊத்தித்தான் போடணும். மூடி போட்ட பக்கெட்டுல வெச்சுட்டா பொதுக் கழிவறைக்கும் எடுத்துட்டுப் போகலாம். பெண்களுக்கு வாய் அகலமா இருக்கற பழைய டப்பா வசதி, அதுல பிடிச்சு இதுல ஊத்திக்கலாம்.

மூணு நாள் எழுதினா போதும். தொடர்ந்து இருக்கணும்னு இல்ல, அதுல ஒரு நாள் வேலை நாள், ஒரு நாள் லீவு நாளா இருக்கட்டும். மணி, எத்தனை எம்எல், அவசரமா வந்துச்சா, வழியில கசிஞ்சதா, என்ன குடிச்சாங்க, எவ்வளவு. படிக்கத் தெரியாதவங்களுக்கு நிறைய, பாதி, கொஞ்சம்னு மூணு அளவுல பட்டையில மூணு கலர் கோடு போட்டு, நோட்டுல அதே கலர்ல புள்ளி வைக்கச் சொல்லுங்க.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ராத்திரிக் கணக்கு. படுக்கறதுக்கு முன்னாடி போறது பகல் கணக்கு. காலைல எழுந்ததும் முதல்ல போறது ராத்திரி கணக்கு, ஏன்னா அது ராத்திரி உற்பத்தியானது. அதை விட்டுட்டா கணக்கே மாறிடும். உங்க மூணாவது ஆளுக்கு 24 மணி நேரத்துல மொத்தம் 2000 எம்எல், அதுல ராத்திரி கணக்கு 800ன்னு வந்தா 40 சதவீதம். வயசானவங்களுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல ராத்திரி போனா பையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்ல. பகல் பூரா காலுக்கு இறங்கின நீர் படுத்ததும் ரத்தத்துல திரும்பி, கிட்னி வழியா வெளிய வருது. மதியம் ஒரு மணி நேரமாவது காலை தலைகாணி மேல தூக்கி வெச்சு படுத்தா, அந்த நீர் சாயந்திரமே வெளியேறிடும். கணுக்காலுக்கு மேல எலும்பை விரலால பத்து விநாடி அழுத்தி, குழி விழுதான்னு பாருங்க. கூடவே படியேறினா மூச்சு வாங்குதான்னு கேளுங்க, இதயமும் காரணமா இருக்கலாம். பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறுறவங்களுக்கும் ராத்திரி சிறுநீர் அதிகமாகும். இதை வீட்டுல கூடப் படுக்கறவங்ககிட்டதான் கேக்கணும்.

மின்ட்_மருந்தாளுநர்:

சிஸ்டர் சொன்னதோடு மருந்துச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். கலா, நீங்கள் போகும் வீட்டில் மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பாருங்கள். காரணம் பல நேரம் அதில்தான் கிடக்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுபவை. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் அதிகம் போவது அந்த மருந்தின் இயல்பு. இதைத் தெரியாமல் தண்ணீரைக் குறைத்தால் கத்திரி வெயிலில் மயக்கம் வரும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றால் அரிப்பும் வெள்ளைப் படிவும் வரலாம். அதை நீர்க்கடுப்பு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டால் பூஞ்சை இன்னும் அதிகமாகும். ஒவ்வொரு தடவையும் தண்ணீரால் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

பிரஷருக்குக் கொடுக்கும் ஆம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். அந்த வீக்கம்தான் ராத்திரி சிறுநீராக வருகிறது. நீர் பிரியும் மாத்திரையான ஃப்ரூசெமைடை ராத்திரி சாப்பாட்டோடு போட்டால் தூக்கம் போச்சு, அதன் வேலை சுமார் ஆறு மணி நேரம் நீடிக்கும். காலையிலோ, டாக்டர் சொன்னால் மதியம் மூன்று நான்கு மணிக்கோ போடுவது வழக்கம். மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் கையில். நீங்கள் செய்ய வேண்டியது, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது.

பெரியவர்களுக்கு மிக ஆபத்தானது கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை. குளோர்ஃபெனிரமின் பையின் பிழியும் பலத்தைக் குறைக்கும். ஃபீனைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் வாசலை இறுக்கும். ப்ராஸ்டேட் வீங்கியவர் இரண்டும் கலந்த மாத்திரை ஒன்று போட்டு, அன்று ராத்திரியே சிறுநீர் அடைத்துக்கொண்டு போவது நடக்கிற விஷயம். சளி மருந்து கேட்கும் பெரியவரிடம் "ஒண்ணுக்குத் தடையில்லாம போகுதா ஐயா?" என்று கேட்காமல் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ப்ராஸ்டேட்டுக்கு ஏற்கெனவே மாத்திரை போடுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், சிலோடோசின் 8 மில்லிகிராம் வாசல் தசையைத் தளர்த்துபவை, சில நாளிலேயே பலன் தெரியும். தொடக்கத்தில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். உடலுறவில் விந்து வெளியே வராமல் போகலாம், ஆபத்தில்லை, ஆனால் சொல்லாவிட்டால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது இந்த மாத்திரை போடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், கண்ணின் கருவிழித் திரை தளர்ந்து ஆபரேஷனில் இடைஞ்சல் தரும். டியூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு வேறு வகை, சுரப்பியைச் சுருக்குபவை, முழுப் பலனுக்கு ஆறு மாதம் ஆகும். அதுவரை பொறுக்காமல் "வேலை செய்யல" என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் போட்டபின் ப்ராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை உண்மை அளவில் பாதியாகக் காட்டும், ரிப்போர்ட் படிப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நீர்க்கடுப்புக்கு எல்லோரும் கேட்டு வாங்கும் சிவப்பு சிரப் சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. பல சிரப்களில் இருப்பது சோடியம் உப்பு, பிரஷரும் இதய நோயும் உள்ளவர்கள் தாமாக வாங்கிக் குடிக்க வேண்டாம். டாக்டர் நைட்ரோஃப்யூரன்டாய்ன் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் அதோடு இந்த சிரப்பைச் சேர்க்க வேண்டாம், அந்த மருந்துக்குப் புளிப்பான சிறுநீர்தான் தோது.

லேப்_மேசை:

ரிப்போர்ட் பற்றிக் கேட்டிருந்தீங்க. ரிப்போர்ட் சரியா இருக்கணும்னா சாம்பிள் சரியா இருக்கணும், அதுலதான் பாதி தப்பு நடக்குது.

கழுவின ஹார்லிக்ஸ் பாட்டில், மருந்து பாட்டில் எதுவும் கூடாது. லேப்ல கொடுக்கற மூடி போட்ட டப்பாதான். கையைக் கழுவிட்டு, பெண்கள் முன்னாலருந்து பின்னால வெறும் தண்ணியால கழுவிட்டு, ஒரு கையால இதழை விரிச்சுப் பிடிச்சுக்கணும். முதல்ல வர்றதைக் கீழ விட்டுடணும். நிறுத்தாம போய்க்கிட்டு இருக்கும்போதே நடுவுல வர்றதை 20, 30 எம்எல் டப்பாவுல பிடிச்சு, கடைசியா வர்றதை மறுபடி கீழ விட்டுடணும். மூடியைத் தரையில வைக்காதீங்க, டப்பா உள்பக்கம் விரல் படக்கூடாது. சுன்னத் இல்லாத ஆண்கள் தோலைப் பின்னால தள்ளிக் கழுவணும்.

பிடிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு வந்துடணும். கிருமி சூட்டுல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடங்காகும். ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு அறுபத்து நாலு. காலைல பிடிச்சு வெயில்ல பைக் பெட்டியில வெச்சு மதியம் கொண்டுவந்தா, ஒண்ணுமில்லாத சிறுநீர்லயும் பெரிய தொற்று காட்டும். நேரமாகும்னா பிரிட்ஜ்ல வைங்க, 24 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர்ல வைக்கக்கூடாது.

ரிப்போர்ட்ல சீழ் செல் 5 வரைக்கும் சாதாரணம். எபிதீலியல் செல் நிறையன்னு போட்டிருந்தா தோல்பக்கத்துலருந்து கலந்த சாம்பிள்னு அர்த்தம், அந்த சீழ் செல் எண்ணிக்கையை நம்பாதீங்க, திரும்பக் கொடுக்கச் சொல்லுங்க. கல்ச்சர்ல, அதாவது கிருமியை வளர்த்துப் பாக்கற டெஸ்ட்ல, ரெண்டு மூணு கிருமி கலந்து வளர்ந்திருக்குன்னு வந்தாலும் அதேதான். கல்ச்சர் முடிவு வர ரெண்டு நாளாவது ஆகும். ஆன்டிபயாட்டிக் முதல் மாத்திரைக்கு முன்னாடி சாம்பிள் கொடுக்கணும். வீட்ல கிடந்த ரெண்டு மாத்திரையைப் போட்டுட்டு வந்தா "கிருமி இல்ல"ன்னு வரும், கிருமி உள்ள இருக்கும். மாசம் ஒரு தடவை நீர்க்கடுப்பு வர்ற அந்த அம்மாவுக்கு கல்ச்சர் எடுக்காம மருந்து மாத்தி மாத்திக் கொடுக்கறது இருட்டுல கல்லெறியற வேலை.

எரிச்சல், காய்ச்சல், எந்தத் தொந்தரவும் இல்லாத வயசானவங்களுக்கு கல்ச்சர்ல கிருமி வந்தா பொதுவா மருந்து தர்றதில்ல. கர்ப்பிணிக்கு அப்படி விடக்கூடாது, தொந்தரவு இல்லைன்னாலும் வைத்தியம் வேணும்.

அப்புறம் ரெண்டு விஷயம். மேல மருந்தாளுநர் சொன்ன டாபாகிளிஃப்ளோசின் வகை போடறவங்களுக்கு யூரின்ல சுகர் மூணு ப்ளஸ், நாலு ப்ளஸ் வரும். ரத்தத்துல சுகர் நல்லா இருக்கும்போதும் வரும். அதை வெச்சு சுகர் ஏறிடுச்சுன்னு சொல்லிடாதீங்க. டிபி மருந்துல இருக்கற ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு சிவப்பா மாத்தும், பீட்ரூட்டும் சிலருக்கு மாத்தும். ரத்தமா சாயமான்னு டெஸ்ட்ல சொல்லிடலாம்.

திருவொற்றியூர்_பிசியோ:

கலா அக்கா, ரெண்டாவது அம்மாவைப் பத்தி நான் எழுதறேன். தும்மும்போது, குடம் தூக்கும்போது கசியறது வேற, குழாய்ச் சத்தம் கேட்டதும் அவசரமா வந்து கழிவறை வாசல்லயே போயிடறது வேற. முதல்ல சொன்னது பிடிப்புத் தசை தளர்ந்ததால. ரெண்டாவது, பை நேரங்கெட்ட நேரத்துல சுருங்கறதால. எதுன்னு கேட்டுக்கோங்க, பயிற்சி மாறும்.

பிடிப்புத் தசை எதுன்னு தெரியணும். காத்து பிரியாம ஆசனவாயை அடக்கறோமே, அதே இறுக்கத்தைச் சிறுநீர் வர்ற வழிக்கும் கொண்டுவந்து, உள்ள மேல்நோக்கி இழுக்கணும். தொப்புளுக்குக் கீழ ஒரு கை, பிட்டத்துல ஒரு கை வெச்சுப் பாருங்க. ரெண்டும் இறுகாம, மூச்சு நிக்காம உள்ளுக்குள்ள மட்டும் இறுகினா சரி. மூச்சைப் பிடிச்சு வயித்தை முன்னால தள்ளறவங்கதான் அதிகம், அது தசையைக் கீழ தள்ளும், கசிவு கூடும். எட்டு எண்ணும் வரைக்கும் இறுக்கி, எட்டு எண்ணும் வரைக்கும் முழுசா விடுங்க. எட்ட முடியலன்னா மூணுல ஆரம்பிங்க. இப்படி எட்டு தடவை, தினம் மூணு வேளை. கடைசியில டக் டக்குன்னு பத்து வேகமான இறுக்கம். மூணு மாசம் விடாம செய்யணும், ரெண்டு வாரத்துல பலன் தெரியலன்னு விட்டுடறாங்க. சிறுநீர் போகும்போது நடுவுல நிறுத்தி நிறுத்திப் பழகறது வேண்டாம், பை சரியா காலியாகாம போகும்.

குடம் தூக்கறதுக்குத் தனியா சொல்லிக் கொடுங்க. பதினஞ்சு லிட்டர் குடம் பதினஞ்சு கிலோ. லாரித் தண்ணி வர்ற நாள்ல இருபது நடை நடப்பாங்க. குடத்தை உடம்போட ஒட்டினாப்புல வெச்சு, முட்டியை மடக்கி, உள்தசையை இறுக்கி, அப்புறம் மூச்சை விட்டுக்கிட்டே தூக்கணும். முதல்ல இறுக்கம், பிறகு தூக்கு. தும்மலுக்கும் இருமலுக்கும் இதே வரிசைதான். முக்கால் குடமா பிடிச்சு ஒரு நடை கூட நடந்தாலும் பரவாயில்ல. மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் இருந்தா அதைச் சரி பண்ணாம பயிற்சியோட பலன் நிக்காது. கீழ ஏதோ இறங்கி வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னா கர்ப்பப்பை இறக்கம் பாக்கணும், நம்ம ஏரியாவுக்கு ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனை இருக்கு.

அவசர வகைக்கு ஓடவே கூடாது. ஓடினா பை இன்னும் சுருங்கும். நின்ன இடத்துல நின்னு, இல்ல உட்கார்ந்து, அஞ்சாறு தடவை வேகமா இறுக்கிவிட்டா அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். இறங்கினப்புறம் நடந்து போகணும். இப்ப ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போறவங்க, இந்த வாரம் ஒண்ணே கால் மணி, அடுத்த வாரம் ஒண்ணரை மணின்னு கால் கால் மணியா தள்ளி, மூணு மணி நேரம் வரைக்கும் கொண்டுபோகணும். ஆறு வாரமாவது ஆகும். "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடுவோம்"னு தோணாமலே போற பழக்கம் பையைச் சின்ன அளவுக்குப் பழக்கிடும். டீ, காபி நாலஞ்சு தடவை குடிக்கறவங்க ரெண்டாக் குறைச்சுப் பாக்கட்டும். முக்கியமா, மிச்சம் நிக்கற பெரியவருக்கும் சுகர்ல பை மரத்தவங்களுக்கும் இந்தத் தள்ளிப்போடற பயிற்சி கூடவே கூடாது. அவங்க தோணலைன்னாலும் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய், முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் அங்கயே இருந்து, எழுந்து நின்னு, மறுபடி உட்கார்ந்து இன்னொரு தடவை விடணும்.

ராயபுரம்_கலா:

தம்பி, ரொம்ப உபயோகமா இருக்கு. மீன் விக்கிற அம்மாங்க தண்ணி குடிக்காம இருக்கறதுக்கு என்ன சொல்றது? "குடிங்க"ன்னு சொல்லிட்டு வர மனசு வரல. அப்புறம் சிஸ்டர், அன்னிக்கே அனுப்ப வேண்டியவங்க யாருன்னு சொல்லிடுங்க.

யூராலஜி_வார்டு_சிஸ்டர்:

தண்ணி விஷயம். அவங்க நிலைமையைக் குறை சொல்ல முடியாது. விடியக்காலைலருந்து மதியம் வரைக்கும் எட்டு மணி நேரம் வெயில்ல வேர்த்து, குடிக்காம, அடக்கியும் வெச்சா சிறுநீர் கெட்டியாகி கல் உண்டாகும், பையில தேங்கின கிருமி அடிச்சுக்கிட்டுப் போகாது. ஒரே மூச்சுல நிறைய குடிக்கச் சொன்னா ஒரு மணி நேரத்துல பை நிரம்பிடும், மறுநாள் கேக்கவே மாட்டாங்க. வீட்லருந்து கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு, கிளம்பும்போது போயிட்டு வரட்டும். வேலையில மணிக்கு நாலஞ்சு மடக்கு, பெரும்பாலும் வேர்வையிலயே போயிடும். ஏலம் முடிஞ்சு கூடையோட உட்கார்றதுக்கு நடுவுல கட்டாயம் ஒரு தடவை போகணும், அதுக்குப் பக்கத்துக் கூடைக்காரம்மா கிட்ட அஞ்சு நிமிஷம் பாத்துக்கச் சொல்லி ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போகலாம். நாலு மணி நேரத்துக்கு மேல அடக்க வேண்டாம். மிச்சத் தண்ணியை மதியத்துக்கு மேல குடிச்சு, ராத்திரி படுக்க ரெண்டு மணி நேரம் இருக்கும்போது குறைச்சுக்கலாம். போதுமான்னு தெரிய அளவு வேண்டாம், நிறம் போதும். வெளிறின வைக்கோல் நிறம் நல்லது, நல்லெண்ணெய் நிறம்னா பத்தல.

அன்னிக்கே அனுப்ப வேண்டியவங்க. ஆறு எட்டு மணி நேரமா ஒரு சொட்டு வரல, அடிவயிறு கல்லு மாதிரி, வலி தாங்கலன்னா நேரா எமர்ஜென்சி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, வண்டி இல்லன்னா 108. வழியில தண்ணி, பார்லி, இளநீர் எதுவும் வேண்டாம், நீர் பிரியற மாத்திரை கண்டிப்பா வேண்டாம். வாசல் மூடியிருக்கும்போது மேலருந்து ஊத்தினா வலிதான் கூடும். அங்க டியூப் போட்டதும் நிம்மதி. டியூபோட வீட்டுக்கு வந்தா அதுல மாட்டியிருக்கற பிளாஸ்டிக் பை எப்பவும் இடுப்புக்குக் கீழ, ஆனா தரையைத் தொடாம தொங்கணும். முக்கால் நிரம்பறதுக்குள்ள அடிக் குழாயைத் திறந்து காலி பண்ணணும். மேல் இணைப்பைக் கழட்டவே கூடாது, கிருமி உள்ள ஏறற வழியே அதுதான்.

குளிரோட காய்ச்சல், விலாவுக்குப் பின்னால வலி, வாந்தி இருந்தா கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கு, அன்னிக்கே. கர்ப்பிணிக்கு எரிச்சல்னா அன்னிக்கே. இடுப்பு வலியோட கால் மரத்து, உட்கார்ற இடம் மரத்து, சிறுநீர் அடைச்சுக்கிட்டா தண்டுவட நரம்பு நசுங்கியிருக்கலாம், மணிக்கணக்குல முடிவு பண்ற விஷயம் அது.

வலியே இல்லாம ஒரே ஒரு தடவை சிவப்பா ரத்தம் போச்சு, அப்புறம் நின்னுடுச்சுன்னு சொன்னா அவசர வண்டி வேண்டாம், ஆனா அந்த வாரமே யூராலஜி ஓபி. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தா இன்னும் கட்டாயம். பைப் புற்றுநோய் இப்படித்தான் முதல்ல எட்டிப் பாக்கும், வலிக்காது, தானா நிக்கும். "சூடு, மோர் குடிச்சேன், சரியாப் போச்சு"ன்னு சொல்லுவாங்க. சரியாப் போகல, ஸ்கேனும், பைக்குள்ள குழாய் விட்டுப் பாக்கறதும் தேவைப்படும். சீட்டு எழுதிக் கையில கொடுத்துட்டு, அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போகும்போது ஓபி நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்க.